விடை யார் கையில்?

காய்ச்சல் கண்ட குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு தாய் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "என்ன நோய் இது?" எளிய கேள்வி. ஆனால் அதற்கு விடை கூறும் உரிமை யாருக்கு என்பதிலேதான் நீண்டதொரு வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

உடலெங்கும் கொப்புளம் கண்டால், "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்று விடை பகர்ந்தான் பூசாரி. வாயிற்படியில் வேப்பிலை செருகினார்கள், கூழ் ஊற்றினார்கள், மருத்துவனை உள்ளே விட்டால் ஆத்தாள் சினப்பாள் என்று அஞ்சினார்கள். நோய்க்கே அம்மை என்று பெயர் சூட்டி அதைக் கும்பிட்டு நின்ற நாடு இது. வந்தவள் ஆத்தாள் அல்லள், கண்ணுக்குத் தென்படாத ஒரு வைரஸ் என்று அறிவியல் எடுத்துரைத்தது. ஊசி குத்தக் குத்த அது ஓடி ஒளிந்தது. பெரியம்மை இவ்வுலகினின்றும் ஒழிந்தது என்று 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது, ஆத்தாள் எங்கே சென்றாள் என்று எந்தப் பூசாரியும் நமக்கு எடுத்துக் கூறவில்லை!

பூசாரியின் வாயிலிருந்து விடையைப் பறித்தது ஆய்வுக்கூடம். போற்றுகிறோம். எனினும் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். ஆய்வுக்கூடமும் நாளடைவில் ஒரு கருவறை ஆயிற்று. எளியவனின் இரத்தம் உள்ளே செல்லும். எளியவன் வெளியே நிற்பான். விடை நாளையும் வரலாம், நாலு வாரம் கழித்தும் வரலாம்; அவனிடமே வரலாம், வராமலும் போகலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கும் துணிவு அவனுக்கு வருவதில்லை. அந்தக் கருவறைச் சுவரில் விரிசல் கண்ட கதையைத்தான் நாம் இங்கே கூற முற்படுகிறோம். உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி, கால் மணி நேரத்தில், நோயாளியின் கண்ணெதிரிலேயே, "இன்ன வைரஸ்" என்று அடையாளம் காட்டும் காலம் எப்படி வந்தது என்ற கதை அது.

அக்கருவிகளுக்கு உயிருணரி என்று பெயர், பயோசென்சார் என்பர். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று ஒற்றன்; மற்றொன்று முரசறைவோன். ஆயிரம் பொருள்கள் கலந்து கிடக்கும் இரத்தத்தில், தான் தேடும் ஒன்றை மட்டும் கண்டு பற்றிக்கொள்வது ஒற்றனின் வேலை. உயிர்களின் உடலில் விளையும் நொதியோ, எதிர்ப்பொருளோ, மரபணு இழையோ அந்த வேலையைச் செய்யும். பற்றிய செய்தியை மின்னோட்டமாகவோ, ஒளியாகவோ, நிறமாகவோ மாற்றி நமக்கு அறிவிப்பது முரசறைவோனின் வேலை. ஒற்றனும் முரசறைவோனும் ஒரே கூட்டுக்குள் குடியேறிவிட்டால், நடுவே தரகனுக்கு வேலை இல்லை!

முதன்முதலில் இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்தவர் லீலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர். இதய அறுவைக்கு உதவும் பொருட்டு, உடலுக்கு வெளியே இரத்தத்தில் உயிர்வளியை ஏற்றும் பொறியொன்றை அவர் அமைத்தார். அதைப் பற்றிக் கட்டுரை தீட்டி அனுப்பினார். திருப்பிவிட்டார்கள்! பொறியிலிருந்து வெளிவரும் இரத்தத்தில் உயிர்வளி எவ்வளவு என்று அவர் அளந்து காட்டவில்லை என்பது காரணம். அளக்கும் கருவி இருந்தாலன்றோ அளப்பார்? இல்லாத கருவியைத் தாமே செய்யப் புகுந்தார். பிளாட்டின மின்முனையை மெல்லிய சவ்வால் போர்த்தி, இரத்தத்து உயிர்வளியை மின்னோட்டமாகக் காட்டும் அமைப்பை 1956-இல் வெளியிட்டார். 1962-இல் அவரும் லயன்ஸ் என்பவரும் அந்தச் சவ்வுக்கருகே, சர்க்கரையை மட்டும் தேடிச் சிதைக்கும் நொதியைக் குடியமர்த்தினர். சர்க்கரை மிகுந்தால் உயிர்வளி குறையும். குறைந்ததை மின்முனை கூறிவிடும். உயிருணரி பிறந்தது. 1987-இல் அது பேனா வடிவில் சட்டைப் பையில் ஏறிக்கொண்டது. இன்று நீரிழிவு கண்டவர் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி எடுத்து, வீட்டுத் திண்ணையிலேயே அளவு பார்த்துக்கொள்கிறார்.

சர்க்கரையைக் கண்டது போலவே வைரஸையும் கண்டுவிடலாகாதோ? அங்கேதான் சிக்கல். ஒரு லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கும். வைரஸோ, ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் பத்தாயிரம் பேர் வரிசையாக நின்றிடக்கூடிய அளவினது. வைக்கோற்போரில் ஊசி என்பார்களே, அந்த ஊசி இதற்கு உலக்கை! இதைக் கண்டுபிடிக்கக் கூர்மை மிக்க ஒற்றன் தேவைப்பட்டான். அவனைப் பழக்கித் தந்தவர் ஒரு பெண்மணி.

ரோசலின் யாலோ அம்மையார் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1921-இல் பிறந்தவர். பெற்றோர் உயர்நிலைப் பள்ளியின் படியேறாதவர்கள். இயற்பியல் கற்க விழைந்த மகளைப் பள்ளி ஆசிரியை ஆகிவிடச் சொன்னது குடும்பம். (ஆசிரியப் பணி இழிவென்று நாம் கூறுவோமா? கூறமாட்டோம். ஆனால் பெண்ணுக்கு அதுதான் எல்லை என்று கோடு கிழிப்பதை ஒப்பமாட்டோம்.) பெண் என்பதாலும் யூதர் என்பதாலும் பல்கலைக்கழகக் கதவுகள் திறக்கத் தயங்கின, சுருக்கெழுத்துப் பழகி, செயலாளர் வேலை என்ற கொல்லைப்புற வழியாகவேனும் உள்ளே புகலாம் என்று எண்ணினார். 1941-இல் இல்லினாய் பல்கலைக்கழகம் இடம் தந்தவுடன் சுருக்கெழுத்துப் புத்தகங்களைக் கிழித்தெறிந்தார். அங்கே சென்று பார்த்தால், பொறியியல் கல்லூரியின் நானூறு ஆசிரியர்களுக்கிடையே அவர் ஒருவரே பெண்! பின்னர்ப் பிராங்க்ஸ் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியேற்று, துப்புரவுச் சாமான் வைக்கும் சிற்றறையை ஆய்வறையாக்கிக்கொண்டார்.

சாலமன் பெர்சன் என்ற மருத்துவருடன் சேர்ந்து அவர் கண்டது இது: இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் நோயாளரின் உடல், அந்த இன்சுலினை அயலானாகக் கருதி எதிர்ப்பொருளை ஆக்குகிறது. அறிவுலகத்துப் பெரியவர்கள் நம்ப மறுத்தார்கள். அத்துணைச் சிறு பொருளுக்கு எதிர்ப்பொருள் தோன்றாது என்று முன்னோர் சொல்லியிருக்கிறார்களாம்! 1955-இல் கட்டுரை மறுக்கப்பட்டது. தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை நீக்கிய பிறகே வெளிவந்தது. வேதம் என்பது வடமொழியில் மட்டும் இல்லை போலும். மறுத்தெழுதிய கடிதத்தை யாலோ அம்மையார் பத்திரமாக வைத்திருந்தார். 1977-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே அதை அச்சிட்டு வெளியிட்டார்! பெர்சன் அந்நாளைக் காணவில்லை, 1972-லேயே மறைந்துவிட்டார்.

எதிர்ப்பொருள் என்பது தன் பகைவனை மட்டும் அடையாளம் கண்டு பற்றும் ஒற்றன். அவனைக்கொண்டு, கதிரியக்கப் பொருளை அடையாளமாகச் சேர்த்து, இரத்தத்தில் எத்துணை நுண்ணிய அளவில் இருக்கும் பொருளையும் அளந்துவிடலாம் என்று இருவரும் 1950-களின் இறுதியில் நிறுவினர். கோடிகளைக் குவித்திருக்கக்கூடிய இம்முறைக்கு அவர்கள் காப்புரிமை கோரவில்லை. 1970-களில் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை இரத்த வங்கிகளில் தேடிப் பிடிக்க இம்முறை கைகொடுத்தது.

ஆனால் கதிரியக்கப் பொருளைக் கையாளப் பெரிய ஆய்வுக்கூடமும், பயின்ற ஆட்களும், காவலும் வேண்டும். 1971-இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும், அதே ஆண்டில் ஹாலந்தில் வேறு இருவரும், கதிரியக்கத்தை நீக்கி நொதியை அடையாளமாக வைத்தார்கள். எலைசா என்று இன்று ஊரறிந்த சோதனை அதுதான். ஒற்றன் பகைவனைப் பற்றினால் நீர் நிறம் மாறும், கண்ணாலேயே காணலாம். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், ஒரே அச்சில் வார்த்தது போன்ற எதிர்ப்பொருளை வேண்டும் மட்டும் விளைவிக்கும் வழி கண்டனர். இதற்கும் காப்புரிமை பெறப்படவில்லை என்பதை வணிகத் தோழர்கள் குறித்துக்கொள்க.

இதற்கிடையே, வைரஸுக்குத் தொடர்பில்லாதது போல் தோன்றும் ஒரு நிகழ்ச்சி. அதை விட்டுவிட்டால் இக்கதை விளங்காது. 1967-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மருந்து நிறுவனமொன்றில், மார்கரெட் கிரேன் என்ற இருபத்தாறு வயதுப் பெண் ஓவிய வடிவமைப்பாளராகப் பணிபுரிந்தார். கருவுற்றிருப்பதை அறியும் சோதனைக் குழாய்கள் வரிசையாக நிற்பதை ஒரு நாள் கண்டார். குழாய்க்குள் சிறுநீர், சில மருந்துத் துளிகள், அடியில் ஒரு கண்ணாடி, வேறொன்றும் இல்லை. இத்துணை எளிய ஒன்றை ஒரு பெண் தன் வீட்டிலேயே செய்துகொள்ளலாகாதா என்று எண்ணினார். மேசைமேல் இருந்த தாளூசிப் பெட்டியைக்கொண்டே மாதிரி ஒன்றைச் செய்தார். நிறுவனத்தார் திடுக்கிட்டனர். மருத்துவரை ஒதுக்கிவிட்டுப் பெண்களே தங்கள் உடலைப் பற்றி அறிந்துகொள்வதா? முறையற்ற பெண்கள் கையில் இது சிக்கினால் என்னாவது? இத்தகைய குரல்கள் எழுந்தன. "உனக்கு அறியும் தகுதி இல்லை" என்ற குரல் நமக்குப் புதியதா? மந்திரத்தைக் காதால் கேட்டாலும் குற்றம் என்று சொன்ன அதே குரல், வெள்ளை அங்கி அணிந்துகொண்டு நியூஜெர்சியில் பேசிற்று! எனினும் கருவி வெளிவந்தது. கனடாவில் 1970-களின் தொடக்கத்திலும், அமெரிக்காவில் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் கடைகளில் வைக்கப்பட்டது. உரிமையை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்த கிரேன் அம்மையாருக்கு, அந்த ஒரு டாலரும் வந்து சேரவில்லையாம்.

1988-இல் அந்தச் சோதனை ஒரே ஒரு பட்டையாகச் சுருங்கிற்று. பட்டையின் ஒரு முனையில் நீர் விட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் அது தானே ஊர்ந்து செல்லும். வழியில் நிறத்துகள் பூட்டிய எதிர்ப்பொருள்கள் காத்திருக்கும். தேடும் பொருள் வந்தால் பற்றிக்கொண்டு உடன் பயணம் செய்யும். சிறிது தொலைவில் மற்றொரு வரிசை எதிர்ப்பொருள்கள் பட்டையோடு பிணைக்கப்பட்டுக் காவல் நிற்கும். அவை வருபவனை மடக்கும். மடக்கிய இடத்தில் நிறத்துகள்கள் குவியும், கோடு தோன்றும். வரவில்லையேல் கோடு இல்லை. அதற்கும் அப்பால் இன்னொரு கோடு உண்டு. பட்டை ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு அது சான்று.

பல பட்டைகளில் காணும் அந்தச் செந்நிறம் எதனால் வந்தது தெரியுமா? தங்கத்தால்! தங்கத்தை மிக நுண்ணிய துகளாக்கினால் அது மஞ்சளாக இராது. மாதுளை முத்தின் நிறம் கொள்ளும். 1857-இல் லண்டனில் அதை ஆராய்ந்து விளக்கியவர் மைக்கேல் பாரடே. கொல்லர் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர், கட்டக் கொடுத்த புத்தகங்களைப் படித்தே அறிஞரானவர். நம் பள்ளிகளில் அவர் பெயர் மின்னியல் பாடத்தோடு நின்றுவிடுகிறது. கொல்லர் மகன் கண்ட செந்நிறம்தான் இன்று உலகெங்கும் கோடி கோடிப் பட்டைகளில் நோயை எழுதிக் காட்டுகிறது. (நுணுக்கம் பேசுவோர், கருவியால் அளக்காமல் கண்ணால் பார்க்கும் பட்டையை உயிருணரி என்று ஒப்புவதில்லை. ஒப்பாவிட்டாலும் குடும்பம் ஒன்றே. இளைய தங்கை என்று கொள்வோம்.)

இனி நம் நாட்டுக்கு வருவோம். எய்ட்ஸ் நோய் அமெரிக்காவில் 1981-இல் கண்டறியப்பட்டது. வைரஸை 1983-இல் பாரிசில் கண்டனர். 1985-இல் எலைசா சோதனை வந்தது. நம் நாட்டிலோ, அது ஒழுக்கம் கெட்ட மேல்நாட்டாரின் நோய், பாரத புண்ணிய பூமியில் கால் வைக்காது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் அம்மையார் அந்தப் பேச்சை நம்பவில்லை. சோதித்துப் பார்க்காமல் இல்லை என்று எப்படிக் கூறுவது? தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அப்பணியை ஒப்படைத்தார். நிர்மலா சிற்றூரிலிருந்து வந்தவர்; இரு குழந்தைகளின் தாய். பாலியல் தொழிலில் தள்ளப்பட்டுக் காவலில் வைக்கப்பட்ட பெண்களிடம் சென்று, எண்பதுக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைப் பெற்றார். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. குருதிக் குப்பிகளைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்துப் பாதுகாத்தார்! 1986 பிப்ரவரியில், பனிக்கட்டிப் பெட்டியில் அவற்றை அடுக்கிக்கொண்டு, கணவருடன் இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தார். அங்கே ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அமெரிக்காவுக்கு அனுப்பி மீண்டும் சோதித்தபோதும் அதே விடை. மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை வெளியிட்டார். புண்ணிய பூமிக் கதை அன்றோடு புழுதியாயிற்று.

தமிழ்ப் பெண்கள் இருவரின் துணிவு இது என்று பெருமை கொள்கிறோம். சுனிதி அம்மையார் மராத்தியக் குடும்பத்தவர் என்று யாரேனும் திருத்தினால், சென்னையில் பிறந்து சென்னைக்கே உழைத்தவரைத் தமிழ்ப் பெண் என்று கொண்டாட நமக்கு உரிமை உண்டு என்போம். ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. குருதி தந்த பெண்களுக்கு, அது எதற்காக என்று அன்று சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணினர். இதை நிர்மலா அம்மையாரே பிற்காலத்தில் ஒளிவின்றிக் கூறியிருக்கிறார். அவரைக் குறை கூற நாம் எழுதவில்லை. சோதனை 130 கிலோமீட்டருக்கு அப்பால் நடந்தது. விடையோ கடல் கடந்து உறுதியாகி, சட்டமன்றத்தில் ஒலித்தது. ஏடுகள் அறிந்தன, நாடு அறிந்தது. தன் உடலில் இருப்பதை முதலில் அறிய வேண்டியவள், காவற்சுவருக்குப் பின்னே கடைசி வரிசையில் நின்றாள்.

விரல் நுனிக் குருதியில் சிறிது நேரத்திலேயே விடை தரும் பட்டைகள் எச்.ஐ.வி.க்கும் பின்னர் வந்தன. வந்த பிறகும் அதை மக்கள் கையில் கொடுக்க வல்லரசுகள் அஞ்சின. தனிமையில் விடை அறிந்தால் உயிரை மாய்த்துக்கொள்வார்கள் என்றனர். அச்சம் முழுதும் பொய் என்று நாம் சொல்லவில்லை. அன்று மருந்து இல்லை, பழி மட்டுமே இருந்தது. ஆனால் மருந்து வந்து ஆண்டுகள் பல கடந்தும் தடை நீடித்ததே! வீட்டிலேயே முழுச் சோதனையும் செய்துகொள்ள அமெரிக்கா 2012-இல்தான் இசைந்தது. பிரிட்டனிலோ, அத்தகைய சோதனைக் கருவியை மக்களுக்கு விற்பதே சட்டப்படி குற்றம் என்ற நிலை 2014 வரை இருந்தது.

அதே 2014-இல், விடை தாமதமானால் என்ன நேரும் என்பதை மேற்கு ஆப்பிரிக்கா கண்டது. கினி நாட்டின் மெலியாண்டு என்ற சிற்றூரில் 2013 டிசம்பரில் எபோலா தொடங்கிற்று. அது எபோலாதான் என்று பிரான்சு நாட்டு ஆய்வுக்கூடம் உறுதி செய்தது 2014 மார்ச்சில்! இடைப்பட்ட மாதங்களில் நோய் ஊர் ஊராக நடந்தது, எல்லை தாண்டிற்று. முடிவில் 11,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2015 பிப்ரவரியில், மின்சாரமே வேண்டாது, 15 நிமிடத்தில் விடை தரும் பட்டை ஒன்றை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. நோயுற்ற நூறு பேரில் ஏறத்தாழ 92 பேரை அது சரியாகக் காட்டும். நோயற்ற நூறு பேரில் 85 பேரை. எஞ்சியவர்கள்? எட்டுப் பேர் நோயை மறைவாகச் சுமந்து வீடு திரும்புவர். பதினைந்து பேர் நோயின்றியே நோயாளர் கொட்டகையில் அடைபடுவர். விரைவுக்குக் கொடுக்கும் விலை இது. பகுத்தறிவாளர் இவ்வெண்களைக் கேட்டுப் பழக வேண்டும். கோடு தோன்றிற்று என்றவுடன் கும்பிட்டு விழுவது பூசாரி காலத்துப் பழக்கம்.

கொரோனா இதை நம் வீட்டு வாயிலில் வந்து கற்பித்தது. 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில் நாட்டின் முதல் நோயாளி கண்டறியப்பட்டபோது, மாதிரி புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று வர வேண்டியிருந்தது. ஏப்ரலில் அயல்நாட்டிலிருந்து விரைவுச் சோதனைப் பெட்டிகள் வந்து இறங்கின. மக்கள் நம்பிக்கையோடு நோக்கினர். அவை வைரஸைத் தேடுபவை அல்ல. உடலில் எதிர்ப்பொருள் தோன்றியிருக்கிறதா என்று தேடுபவை. எதிர்ப்பொருள் தோன்ற நாட்கள் பல ஆகும். அதற்குள் நோயாளி பலருக்குப் பரப்பிவிடுவான். போதாக்குறைக்கு, பெட்டிகள் சரியாக வேலை செய்யவில்லை என்று ராஜஸ்தான் முறையிட்டது. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அம்மாத இறுதியில் அறிவித்தது. அந்தப் பெட்டியின் விலை வழக்கு டில்லி உயர்நீதிமன்றம் ஏறிற்று. 245 ரூபாய்க்கு வந்து இறங்கிய சோதனை 600 ரூபாய்க்கு விற்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது! 400 ரூபாய்க்கு மேல் கூடாது என்றது நீதிமன்றம். ஊரே மூச்சுத் திணறிய வேளையில், தரகர்கள் மட்டும் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சூன் மாதத்தில் வைரஸையே தேடும் பட்டைகள் நம் நாட்டிலும் ஏற்கப்பட்டன. மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் ஆர்டி-பிசிஆர் சோதனையின் கூர்மை இவற்றுக்கு இல்லை. வைரஸ் குறைவாக இருந்தால் தவறவிடும். அதே பெருக்கும் வித்தையைச் சிறு பெட்டிக்குள் அடக்கி, மின்கலத்தில் இயங்கும் ட்ரூநாட் கருவியைக் கோவாவிலுள்ள நிறுவனம் உருவாக்கிற்று; காசநோய்க்காக அமைந்த அது கொரோனாவுக்கும் பயன்பட்டது. டில்லியிலுள்ள அரசு ஆய்வகத்தில் தேவஜோதி சக்ரவர்த்தியும் சௌவிக் மைதியும், மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் முறையைக் காகிதப் பட்டையோடு இணைத்து, சத்யஜித் ரேயின் துப்பறிவாளன் பெலூடாவின் பெயரைச் சூட்டினர். பொருத்தமான பெயர்! தென்கொரியாவிலோ, அணு ஒன்றின் தடிப்பே உடைய கிராபீன் ஏட்டின்மேல் எதிர்ப்பொருளைப் பிணைத்தனர். வைரஸ் வந்து அமர்ந்தவுடன் அந்த ஏட்டின் மின்னோட்டம் மாறும். நிறமும் வேண்டாம், நொதியும் வேண்டாம். ஒற்றன் தொட்ட கணமே முரசு ஒலிக்கும் இதுவே கிளார்க் கண்ட கருவியின் நேர் வாரிசு. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் வென்ற இத்தகைய கருவிகளுள் பல இன்னும் மருந்துக்கடையின் படியேறவில்லை. தூய நீரில் சரியாகச் சொல்லும் ஒற்றன், சளியும் உமிழ்நீரும் கலந்த குழம்பில் தடுமாறுகிறான். வெயிலில் கிடந்தால் எதிர்ப்பொருள் கெடுகிறது. ஆயிரம் செய்தால் ஆயிரமும் ஒன்றுபோல் அமைவதில்லை. கண்டுபிடிப்பைவிட இதுவே கடினம்.

2021 மே மாதத்தில், தாமே செய்துகொள்ளும் கொரோனாச் சோதனைக்கு நம் நாடும் கதவைத் திறந்தது. புனே நிறுவனமொன்றின் பெட்டி 250 ரூபாய். கால் மணி நேரத்தில் விடை. நாள் கூலிக்கு உழைப்பவனுக்கு அது அரை நாள் கூலியா, ஒரு நாள் கூலியா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். விடையைக் கைப்பேசி வழியே அரசுக்கும் அனுப்ப வேண்டும் என்று விதித்தார்கள். கைப்பேசி இல்லாதவர் என்ன செய்வார் என்பதற்கு அந்த விதியில் இடமில்லை. பட்டையில் இரு கோடுகள் தோன்றினால் நோய் உண்டு, மறுசோதனை வேண்டாம் என்றது மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் அறிவுரை. காய்ச்சலும் இருமலும் இருந்து, கோடு ஒன்றே தோன்றினால், நோய் இல்லை என்று எண்ணி வெளியே செல்லக் கூடாது. உடனே ஆர்டி-பிசிஆர் செய்துகொள்ள வேண்டும், அந்த விடை வரும்வரை வீட்டிலேயே தனித்திருக்க வேண்டும் என்றும் அதே அறிவுரையில் எழுதியிருந்தது.